வெள்ளைப்போளத்தின் உறை

அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பழுப்பு உறை உண்டு. அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புரண்டது என்று எழுதிய துண்டுச் சீட்டுகளெல்லாம் அதற்குள் சேரும். சொல் முடிந்ததும் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய உறையை எந்தக் கொம்பனும் பிரிக்கக் கூடாது.

வெள்ளைப்போளத்தின் உறை மட்டும் ஒன்றரை வருஷமாக வாயைத் திறந்தபடி கிடந்தது.

அது சின்னவளின் பொறுப்பு. வயது இருபத்தொன்பது ஆகியும் அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். முள்மரத்தின் பட்டையைக் கீறினால் கண்ணீர்போல வடிந்து இறுகும் பிசின் வெள்ளைப்போளம். ஐரோப்பியர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று, கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் பள்ளித் தோழனுக்கு ஒருநாள் எழுதிக் கேட்டாள். அவன் இறங்கிய துறைமுகத்து மருந்துக்கடையில் விசாரித்துப் பதில் போட்டான்: “மிர்ரா. வாய்ப்புண்ணுக்குத் தடவுவாங்களாம். ஒரு சொட்டு நாக்குல வெச்சேன், ஏழு தலைமுறைக்கும் கசக்குது.”

அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். உடனே அடுத்த மொழியைக் கேட்டாள். பிறகு அதற்கடுத்ததை. ஸ்பானிஷில் மிர்ரா, இத்தாலியனில் மிர்ரா, பிரெஞ்சில் மிர், டச்சில் மிர்ரெ. பின்லாந்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டு மிர்ஹா என்றார்கள். புத்தகத்தைப் புரட்டினாலே கிடைக்கிற பதில்கள்தான். எல்லாம் கிரேக்கர்களிடமிருந்து லத்தீன் வழியாகப் பரவியவை. கிரேக்கர்களுக்கோ அரபு, எபிரேயம் பேசியவர்களின் பக்கமிருந்து வந்தது. அங்கே அந்த வேருக்குக் கசப்பு என்று அர்த்தம். பிசினோடு பெயரும் கப்பலேறியது; அர்த்தம் கரையிலேயே நின்றுவிட்டது.

தன் கடிதங்களும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றும். கேள்வி போய்ச் சேரும். எதற்காகக் கேட்கிறாள் என்பது மேசையிலேயே தங்கிவிடும். உறையை ஒட்டிவிட்டால் அந்தக் கேள்வி கேட்கவும் சாக்கு இருக்காது.

திங்கட்கிழமை பதிப்பாசிரியர் நேரே அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, வெள்ளைப்பூண்டு கூட அச்சுக்குப் போயாச்சு. இது என்ன, பல்லக்கு அனுப்பினாத்தான் வருமா?”

“ஐஸ்லாந்து மொழி மட்டும் பாக்கி சார்.”

“நம்ம அகராதிய வாங்குறவன் ஐஸ்லாந்துக்கா குடிபோகப் போறான்? சாயந்தரத்துக்குள்ள ஒட்டிடு.”

பிழை திருத்தும் அக்கா சீட்டுகளைச் சரிபார்க்க உறையைக் கவிழ்த்தாள். கடிதங்களும் சேர்ந்து விழுந்தன. அக்கா தேதிகளைப் பார்த்தாள், தாளின் தலைப்பில் இருந்த கப்பல், துறைமுகப் பெயர்களைப் பார்த்தாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“ஏண்டி, நீ டச்சு கேட்டா அங்க போய் நிக்கிறான். பின்லாந்து கேட்டா அங்க நிக்கிறான். கப்பல் என்ன உன்னைக் கேட்டா திரும்புது?”

“தற்செயலா இருக்கும்க்கா.”

“நாலு கப்பல் மாறியிருக்கான்டி! இதுல ஒண்ணு சிமெண்ட் ஏத்துறது. யாராவது ஆசைப்பட்டு அதுல ஏறுவானா? ஊர் உலகத்துச் சொல்லுக்கெல்லாம் வேரு தோண்டுற. கையில இருக்குற கடுதாசி எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கத் தெரியல. படிச்ச முட்டாள்!”

சின்னவள் கடிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எத்தனை முறை படித்திருப்பாள்! தலைப்பில் ஒரு தடவைகூடக் கண் போகவில்லை.

சீட்டுகளை மட்டும் உள்ளே போட்டுப் பசை தடவி, விளிம்பை விரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். பழக்கத்தில் கை ‘ஐஸ்லாந்து’ என்று ஆரம்பித்தது. அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

“சொல் முடிந்துவிட்டது. எனக்கு இனி எந்த மொழியும் வேண்டாம். இந்தப் பக்கம் வருகிற கப்பல் ஏதாவது இருக்கிறதா?”

போய்ச் சேரவே மூன்று வாரமாகும். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, பெட்டியின் வாய்க்குள் விரல்களை விட்டு, கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று துழாவிப் பார்த்தாள்.