ஊறப்போட்ட வாணங்கள்

காபியை அதிகமாக ஊற்றிவிடாதே. அதிகம் குடித்தால் குளியலறைக்குப் போகவேண்டும் என்பார்கள். போனால் நீ தொலைந்தாய்.

தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு சால்வோர் கோப்பைகளைப் பாதிதான் நிரப்பினாள். எதிரே அவள் தம்பி ஹெர்மோடுர், ஊர் மீட்புக் குழுவின் தலைவன், சிவப்புச் சீருடையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் க்ரோவா. பள்ளிக்கூடத்தில் சால்வோரோடு ஒரே பெஞ்சு. குழு தன் செலவுக்காக ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பட்டாசு விற்கும்; இப்போது அந்த விற்பனை முழுவதும் அவள் பொறுப்பு. டிசம்பர் இருபத்தொன்பது, காலை பதினொரு மணி. வடகோடிக் குளிர்காலம்; வெளியே இப்போதுதான் விடியலாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, அரைக் கோப்பை? இவ்வளவுதானா?"

"உனக்கு ரத்த அழுத்தம்."

"எனக்கா? எப்பலேர்ந்து?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பலகாரத்த எடுத்துக்க."

க்ரோவாவுக்குப் பொறுமை இல்லை. பையிலிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்து மேஜையில் விரித்தாள். அதில் சால்வோர் இருந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள், மூக்கில் ஆக்சிஜன் மூடி, தலையில் கோணலாக ஒரு கம்பளித் தொப்பி, பின்னால் புத்தம்புது ஜீப். மேலே கொட்டை எழுத்தில்: 'இவர் இன்று மூச்சு விடுவது நீங்கள் வாங்கிய பட்டாசால்!'

"எப்படி?" என்றாள் க்ரோவா. "நானே எழுதினது."

சால்வோர் அந்த வரியை மூன்று முறை படித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். போன புத்தாண்டுக்கு ஊரே வாணம் விட்டது. அன்று காற்று அசையவில்லை. மூன்று பக்கமும் மலை. கீழே குளிர்காற்று தேங்க, மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. புகைக்குப் போக இடமில்லை. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைத் திணித்தும் அது உள்ளே வந்தது. கந்தகமும், பச்சைக்கும் சிவப்புக்கும் சேர்க்கிற உலோகத் தூளும், மாவைவிட நுண்ணியதாக. ஆஸ்துமாக்காரியான அவள் மார்பு பூட்டிக்கொண்டது. இன்ஹேலர் கேட்கவில்லை. குழு பறந்து வந்தது. ஜீப்பும் சிலிண்டரும் பட்டாசு விற்ற பணத்தில் வாங்கியவை. அவளைத் தூக்கிப்போன ஆறு பேர் மேலும் வெடிமருந்து வாடை. இருமல் அவளைவிட அவர்களுக்கு அதிகம். மருத்துவமனையில் செவிலி, யாரை முதலில் படுக்கவைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அன்னிக்குப் பள்ளிக்கூடத்து மாடியில இருக்கற கருவி என்ன காட்டுச்சு தெரியுமாக்கா?" என்றான் ஹெர்மோடுர். "காத்துத் தூசியில தலைநகரம் ரேக்யவிக்கையே முந்திட்டோம்! கால்பந்துல ஒரு தடவகூட முந்தினது இல்ல."

"இதப் போய்ப் பெருமையாச் சொல்றியேடா."

"வருஷத்துல ஒரு நாள்தானேக்கா."

உனக்கு ஒரு நாள். எனக்கு ஜனவரி முழுக்க. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இரண்டு வாரம் இருமியதையும், அவர்கள் நாய் மூன்று நாள் கட்டிலடியை விட்டு வராததையும், விடிந்தபோது பனி சாம்பல் நிறத்தில் கிடந்ததையும் சொல்லவில்லை. ஏனென்றால் மார்ச் மாதம் பனிச்சரிவில் புதைந்த இரண்டு பேரைத் தோண்டி எடுத்ததும் இதே தம்பிதான், இதே ஜீப்தான். நன்றி ஒரு பக்கமும் நுரையீரல் ஒரு பக்கமும் இழுக்க, இந்த விஷயத்தில் அவளால் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்ததே இல்லை. அதனால் ஒன்பது வருடத்துக்கு முன் பேசாமலே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"உன்னைத் தேர்ந்தெடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு" என்று க்ரோவா குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். அதில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது ஒரு சான்றிதழ்: 'ஆண்டின் சிறந்த வாடிக்கையாளர்'. "ஒன்பது வருஷமா இருக்கறதுலயே பெரிய பெட்டி வாங்கறவ நீதான். நேத்து கடை திறந்ததும் முதல் ஆளா வந்து நின்ன. உயிர் பிழைச்சவளும் நீ, பட்டாசுப் பைத்தியமும் நீ. இந்த மாதிரி முகம் வேற எந்த ஊருக்குக் கிடைக்கும்? இதுல ஒரு கையெழுத்துப் போட்டு வை. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"போகாத!"

"ஏன்?"

"தண்ணி வரல."

அவள் முதுகுக்குப் பின்னால் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பூமிக்கடியில வெந்நீர் கொதிக்கிற நாட்டுல தண்ணி வரலையா?" என்று கேட்டபடியே க்ரோவா நடையைக் கடந்துவிட்டாள்.

சால்வோர் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஹெர்மோடுர்! ஓடி வா! கொலை நடந்திருக்கு!"

குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். ராக்கெட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. பெரிய பெட்டி நடுவில் தீவுபோல் பாதி மூழ்கி நின்றது. அட்டையின் சாயம் கரைந்து தண்ணீர் ஊதா நிறமாகியிருந்தது.

"ஏண்டி, நாங்க வித்த பட்டாச இங்க குளிப்பாட்டிக்கிட்டா இருக்க?"

"ஊறப்போட்டிருக்கேன்."

"ஊறப்போட இது என்ன உப்பு மீனா?"

"அப்பதான் திரும்பக் காஞ்சாலும் தீப்பத்திக்காது."

"ஒன்பது வருஷமும் இதுதானா?"

"ஒண்ணு விடாம."

"சிறந்த வாடிக்கையாளர்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு பெட்டி சும்மா குடுத்தோமே, அது?"

"அதுவும்தான்." சால்வோர் தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு பெட்டி இங்க இருந்தா, ஒரு பெட்டி வானத்துல இல்ல. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

ஹெர்மோடுர் குனிந்து ஒரு ராக்கெட்டை எடுத்தான். தண்ணீர் அவன் சட்டைக் கைக்குள் வழிந்தது. அவன் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

உண்மையாகவே யோசித்தான். "சின்னப் பெட்டியா வாங்கச் சொல்லியிருப்பேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் தொட்டிக்காக அல்ல. அந்தச் சான்றிதழ் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் பயத்தை விசுவாசம் என்று ஊர் எடுத்துக்கொண்டது, அவளும் திருத்தவில்லை. கதவில் ஒட்டி, தினமும் பால் எடுக்கும்போது பார்த்துக்கொண்டாள்.

மூவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டது க்ரோவாதான்.

"சரி. பாத்தத நான் பாக்கல. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். நீ கையெழுத்துப் போடு. வேணும்னா அடுத்த வருஷம் இன்னும் பெரிய தொட்டியா ஒண்ணு குழு செலவுலயே வாங்கித் தரோம்."

"போடுக்கா" என்றான் ஹெர்மோடுர். குரல் இறங்கியிருந்தது. "இந்த வருஷம் விற்பனை மந்தம். மலையில ஆளத் தூக்கற கயிறெல்லாம் நைஞ்சு கிடக்கு. உன் மூஞ்சியப் பாத்தா ஊரே வாங்கும்."

வாங்கும். அது அவளுக்குத் தெரியும். கடைக் கதவில், நீச்சல்குளத்து வாசலில், பள்ளிக்கூடச் சுவரில், மூக்கில் மூடியோடு அவளே நின்று கூப்பிடுவாள்: வாருங்கள், கொளுத்துங்கள். அத்தனை பெட்டியை எந்தத் தொட்டியில் போடுவாள்?

"கயித்துக்கு நான் பணமாவே தரேன்டா. வருஷா வருஷம் தரேன். பெட்டி எதுவும் வேண்டாம்."

"அப்ப, இது?" அவன் பேனாவை நீட்டியபடியே இருந்தான். சின்ன வயதில் உடைந்த பொம்மையை நீட்டுவானே, அதே கை.

அவள் பேனாவை வாங்கினாள். க்ரோவாவின் முகம் மலர்ந்தது. சால்வோர் பேனாவை மூடி, தம்பியின் சீருடைப் பையில் செருகி, பையின் மடிப்பையும் அழுத்தி மூடினாள்.

"இல்லடா" என்றாள்.

பிறகு காபிக் கெண்டியை எடுத்து இரண்டு பேர் கோப்பையையும் விளிம்பு வரை நிரப்பினாள்.