வாலில் மட்டும் முளைத்த முடி

வாலில் முடி முளைத்துவிட்டது. பாதங்களும் வியர்த்தன. முதுகில் மட்டும் நீளமான மேல்முடி ஒன்றுகூட வரவில்லை. ஒரே எலிக்குட்டி, ஒரே மருந்து. ஆய்வகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதெல்மீராவுக்குப் பிடிபடவில்லை.

"வால்ல வளருது, முதுகுல வளரல. எங்க சித்தப்பனுக்கும் தாடி மட்டுந்தான், மண்டை வழுக்கை," என்று உடன் வேலைபார்க்கும் தெர்லிஸ் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையை நீட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. முடி எங்கே முளைக்க வேண்டும் என்பதைத் தோலே முடிவு செய்கிறது. ஓரிடத்துச் செல்கள் 'இங்கே ஒரு முடி' என்று குரல் கொடுத்து, பக்கத்துச் செல்களை அடக்கி வைக்கும். அந்தக் குரலை உரக்கச் செய்ய ஒரு புரதம் உண்டு. வியர்வைச் சுரப்பிக்கும் அது வேண்டும். இந்த எலிகளுக்கு அதைச் செய்யும் மரபணு பிறவியிலேயே கெட்டிருந்ததால், பிறந்த குட்டிகளுக்குப் புரதத்தை ஊசியில் ஏற்றியிருந்தாள்.

தங்கை மகன் ஆர்செனியோவுக்கும் அதே மரபணுதான் கெட்டிருந்தது. ஆறு வயது. ஒரு சொட்டு வியர்க்காது. அசுன்சியோன் நகரத்து வெயிலில் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும்.

எலிக்குட்டியின் பாதம் வியர்த்ததைத் தங்கை நின்ஃபாவிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள். மதியம் போன் வந்தது.

"அக்கா, இவன தண்ணித் தொட்டியில உக்கார வெச்சிருக்கேன். எப்பதான் ஊசி போடுவ?"

"கொஞ்சம் பொறுடி."

"நான் பொறுப்பேன். இந்த வெயில் பொறுக்குமா?"

அன்றே பிறந்த, நோயில்லாத குட்டியின் தோலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தாள். வால் தோலிலும் பாதத்திலும் அப்போதுதான் மொட்டுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. முதுகிலோ மேல்முடி ஆழமாக வேர்விட்டிருந்தது. முதுகுத் தோல் அந்தக் குரலுக்குக் காது கொடுத்த நேரம், தாய் வயிற்றிலேயே முடிந்திருந்தது.

மனிதருக்கு வியர்வைச் சுரப்பிகளும் வயிற்றிலேயே உருவாகிவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பாதத்தைப் பார்த்து மயங்கியிருந்தாள்.

போனில் எல்லாவற்றையும் சொன்னதும், "அப்போ இவனுக்கு?" என்றாள் நின்ஃபா.

"இவன் பொறந்துட்டான்டி."

மறுமுனையில் நின்ஃபா மகன்மேல் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த சினை எலிகளுக்கு, குட்டிகளின் முதுகில் முடிக்கு இடம் குறிக்கப்படும் முன்பே ஊசி போட்டாள். மருந்து தாயின் இரத்தம் வழியே கருவுக்குச் சென்றது. பிறந்த குட்டிகளுக்கு முதுகெல்லாம் மேல்முடி அடர்ந்து வளர்ந்தது. மருந்தைப் பிறந்த குட்டிக்குப் போட்டால் முதுகுக்குப் பயனில்லை. குட்டி வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் போட வேண்டும்.