வெறும் பால்

அந்த ஊர் மாடுகள் பாக்கெட்டில்தான் கறக்கும். தலைமுறை தலைமுறையாகக் குப்பைமேட்டில் கேரி பேக் தின்று வளர்ந்தவை, வேறெப்படிக் கறக்கும்? காம்பில் விளக்கெண்ணெய் தடவி இழுத்தால், கீழே விரித்த சாக்கில் அரை லிட்டர் அரை லிட்டராக வந்து விழும். வாங்குகிறவர்கள் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். பால்காரி யோக்கியமானவள் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது?

வடிவாம்பாளின் செவலைப் பசு ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் பாலாகக் கறந்தது. சாக்கெல்லாம் நனைந்து போயிற்று. குளிக்கிற சொம்பை எடுத்துவந்து காம்படியில் பிடித்தாள். ஒற்றை மாட்டை வைத்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள் ஒரு சொட்டை விடுவாளா?

முதல் ஆளாகத் தையல்காரர் சூசைமாணிக்கம் வந்தார். யார் வீட்டுப் பாலானாலும் ஒட்டு சரியா என்று ஊரில் அவரிடம்தான் காட்டுவார்கள். அவர் வாங்கினால் தெருவே வாங்கும். சொம்பை எட்டிப் பார்த்தார்.

“எப்பம்மா பிரிச்ச?”

“நான் பிரிக்கல அண்ணாச்சி. மாடே இப்படித்தான் தருது.”

“எங்கிட்டயேவா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே தெருவும் போய்விட்டது.

வடிவுக்கு யார் மேலெல்லாமோ சந்தேகம். நாத்தனார் கண் வைத்திருப்பாள். எதிர்வீட்டுக்காரி நேற்று எதற்கு மாட்டைத் தடவிக் கொடுத்தாள்? மறுநாள் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். செவலை குப்பைமேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் போய், கசிவில் முளைத்திருந்த பச்சையான எதையோ மேய்ந்தது. வடிவு ஒரு பிடி பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். புல். எந்தப் படுபாவி கொண்டுவந்து நட்டானோ!

அதை எடுத்துக்கொண்டு தையல்கடைக்கு ஓடினாள்.

“இதத் தின்னுதான் அண்ணாச்சி இப்படி ஆயிட்டு.”

சூசைமாணிக்கம் புல்லை விரலில் உருட்டிப் பார்த்தார். “நீயே நட்டுட்டு வந்து காட்டலாம்லா?”

பாலில் தண்ணீர் சேர்ப்பது எப்படி என்றே தெரியாதவள் மேல் இப்படி ஒரு பழி. வடிவுக்குப் பொறுக்கவில்லை, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். கண்ணீர் ஷாம்பு பாக்கெட் அளவில் தையல் மெஷின் மேல் விழுந்தது. அவர் ஒன்றை எடுத்து, மூலையைப் பல்லால் கிழித்து நாக்கில் விட்டுக்கொண்டார்.

“உப்பு சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏட்டி மரியா, அந்தத் தூக்குச்சட்டிய எடுத்துட்டு வா” என்று மனைவியைக் கூப்பிட்டார்.