லிப்ட் சாவி

அந்த ஆறு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு ‘விவாத மேடை’ என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை. சாயங்காலச் செய்தி தொடங்கினால் போதும், மனுஷர் டிவியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுவார். அந்த மாதம் எந்த ஊரிலோ ஒரு பாலம் இடிந்து விழுந்திருந்தது. பாலம் பழுதான விஷயம் தன் கவனத்துக்கு வரவில்லை என்றார் அமைச்சர்.

“கவனத்துக்கு வரலன்னா அந்த நாற்காலியில எதுக்குய்யா உக்காந்திருக்க? எந்திரிச்சுப் போயேன்!”

“அவருக்குக் காது கேக்காதுங்க. எனக்குத்தான் கேக்குது” என்பாள் மனைவி.

அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்து, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. வீடோ ஆறாவது மாடி. அன்று சாயங்காலமே சங்கத் தேர்தல். எதிர்த்து நிற்பவர் தரைத்தளத்துக்காரர், லிப்டே தேவைப்படாத ஆள்.

வெள்ளிக்கிழமை காலை லிப்ட் மெக்கானிக் மோட்டார் அறையிலிருந்து இறங்கி வந்தார். முகமே சரியில்லை.

“சார், கயிறு நூல் நூலாப் பிரிஞ்சிருக்கு. இன்னிக்கே நிறுத்திடுங்க. புதுசு வர ஒரு வாரம் ஆகும்.”

“நாளைக்கு ஒரு நாள் தாங்காதா?”

“தாங்கலாம், தாங்காமலும் போகலாம். நான் எப்படி சார் வாக்குக் குடுக்கிறது?”

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். செயலாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மனைவி மேலே போய்ச் சேரட்டும். சனங்கள் ஓட்டுப் போட்டு முடிக்கட்டும். அப்புறம் நிறுத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த யோசனை அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அதற்குள் நாலாம் மாடிப் பெண் இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக லிப்டுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினாள். “நில்லும்மா” என்பது தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. கதவு மூடிக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று எண் மாற மாற அவர் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மேலே கதவு திறந்து குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது.

‘அட பாவி, உன் கவனத்துக்குத்தான் வந்துடுச்சேடா’ என்று தன்னையே திட்டிக்கொண்டு சாவியைத் திருகினார். லிப்ட் நின்றது.

“நாளைக்குத் தேர்தலை வெச்சுக்கிட்டு யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா?” என்று அவருக்கு வேண்டியவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாடிக்காரர் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து ஏறியபடியே வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். கயிற்று விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

மனைவிக்கு இடம் வேண்டுமே. வெட்கத்தை விட்டு, தரைத்தளத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“வீட்டம்மாவுக்கு ஒரு வாரம் உங்க வீட்ல ஒரு ரூம் வேணும்.”

அவர் ஏற இறங்கப் பார்த்தார். “அவங்க வர்றது தெரிஞ்சேவா நிறுத்தினீங்க?”

“ஆமா.”

“ரூம் தர்றேன். ஓட்டு மட்டும் கேக்காதீங்க.”

சனிக்கிழமை மனைவி சக்கர நாற்காலியில் வந்து இறங்கினாள். லிப்டில் தொங்கிய ‘லிப்ட் ஓடாது’ அட்டையில் தன் புருஷன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் வர்ற நாள்தான் கெடச்சுதா உங்களுக்கு?”

அவர் காரணத்தைச் சொன்னார். அந்தக் குழந்தையைப் பற்றியும் சொன்னார். அவள் நாற்காலியைத் தரைத்தளத்துக்காரர் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜெயித்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. “மொதல்ல லிப்டப் போடுங்க சார்!”

பழையவர் சாவியை நீட்டினார். புதியவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கயிறு வரட்டும். அதுவரைக்கும் ஏறி இறங்குங்க.”

பதவிக்கு வந்த அன்றைக்கே அவருக்கும் வசவு விழுந்தது. பழையவருக்கோ நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அன்று இரவுச் செய்தியைப் புதுச் செயலாளர் வீட்டுக் கூடத்தில்தான் பார்த்தார்கள். மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாலத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்களாம், அமைச்சரின் கவனத்துக்கு அதுவும் வரவில்லையாம். அடுத்தவர் வீடு, போதாக்குறைக்குத் தோற்றுப்போன அன்று. இவர் வாயைத் திறக்கவில்லை.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க, பேசாம இருக்கீங்க? திட்டுங்க. இப்ப நீங்க திட்டலாம்.”