மேசைக்கடியில் ஒரு வாசகர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருத்தி என்னிடம் சொன்னது. ஒரு பேருந்து நிறுத்தத்தில், கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, போகிற வருகிறவர்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொன்னாள். "எழுதுங்க. ஆனா நான்தான்னு தெரியக் கூடாது."

தொடக்கத்தை மட்டும் பலமுறை எழுதிப் பார்த்தேன். "அந்தச் சின்னஞ்சிறு பொருளை அவள் கண்டெடுத்த நாளில், வானம்" என்று ஆரம்பித்து, வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நிறுத்திவிட்டேன். "தாம்பத்தியம் என்பது" என்று ஒன்று. அதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. நடந்த இடத்திலிருந்தே தொடங்கிவிடலாம். அதாவது, மேசைக்கு அடியிலிருந்து.

2

அவள் வேற்றுமொழிப் படங்களுக்கு வீட்டிலிருந்தபடியே சப்டைட்டில் எழுதுகிறவள். (தொழிலை மாற்றியிருக்கிறேன். வேறு எதையெல்லாம் மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.) படுக்கையறை மூலையில் மேசை. அதன்மேல் கணினி, இரண்டு திரைகள், பிரிண்டர், ஸ்பீக்கர், ஹெட்போன், படங்கள் வந்துசேரும் ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றின் வயர்களும் மேசைக்குப் பின்னால் இறங்கி, வாராத தலைமுடி மாதிரி சிக்குப் பிடித்துக் கிடந்தன. பெருக்கும்போதுகூட அங்கே துடைப்பத்தை நுழைக்கமாட்டாள். கணவன் சொல்லியிருந்தான்:

"அங்க மட்டும் கை வைக்காதம்மா. ஷாக் கீக் அடிச்சிரப் போகுது. ஏதாவதுன்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்."

ஒருநாள், புதிதாக நடை பழகியிருந்த மகள் அடியில் புகுந்து ஒரு வயரைப் பிடித்து இழுத்தாள். ஒரு திரை சரிந்து, குழந்தையின் தலைக்கு விரற்கடை தள்ளி விழுந்தது. குழந்தை சிரித்தது.

இனிப் பொறுப்பதில்லை என்று, கணவன் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். தெருமுனைக் கணினிக் கடையில் ஒரு ஹப் வாங்கி வந்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. எல்லாக் கருவிகளையும் அதில் செருகிவிட்டால், அதிலிருந்து கணினிக்கு ஒரே ஒரு வயர் போனால் போதும். பெட்டியையும் ப்ளக் பலகையையும் மேசையின் அடிப்பக்கத்தில் பசைநாடா போட்டு ஒட்டினாள். மிச்ச நீளங்களை மடித்துக் கட்டினாள். மேசைக்கடியில் தரை தெரிந்தது. அந்தத் தரை என்ன நிறம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாகக் கீபோர்டு. அதன் வயர் முனைக்கும் கணினிக்கும் நடுவே நகத்தளவு கறுப்பாக ஏதோ செருகியிருந்தது. எடுத்துவிட்டுத் தட்டிப் பார்த்தாள். கீபோர்டு வேலை செய்தது. அப்படியானால் இது எதற்கு?

3

விழித்துக்கொண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள். "இதை எங்க மாட்டணும்னு தெரியல."

பழுது பார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் நின்ற இன்னொருவர் போகும்வரை பேசவில்லை.

"எங்க இருந்துச்சு மேடம்?"

"கீபோர்டுல."

"நீங்க வாங்குனதா?"

"இல்லையே."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தும் இதுல சேரும். வச்சவங்க பக்கத்து ரூம்ல இருந்து போன்லயே படிச்சுக்கலாம். யார் வச்சாங்கன்னு நான் கேக்கல மேடம்."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கழட்டுனது அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

"திரும்ப மாட்டிட்டா தெரியாது. அந்நேரம் நீங்க எதுவும் டைப் பண்ணலன்னு நெனச்சுக்குவாங்க."

வீடு வரும்வரை அதைக் கைக்குள் இறுக்கிப் பொத்தியிருந்தாளாம், அதற்குக் காதும் இருப்பதுபோல.

4

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அழ அவளுக்கு நேரமில்லை. மேசைக்கடி பளிச்சென்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில், அவள் அங்கே கைவைத்தது தெரிந்துவிடும்.

ஒட்டியதைப் பிய்த்தாள். கட்டியதை அவிழ்த்தாள். எந்த வயர் எதன்மேல் ஏறிக் கிடந்தது? பிரிண்டர் வயர் ஸ்பீக்கர் வயருக்கு மேலேயா, கீழேயா? சிக்கெடுப்பது அத்தனை சுலபமாக இருந்தது, பழையபடி சிக்காக்கத்தான் முடியவில்லை. கறுப்புப் பொருளை முன்பிருந்தபடி செருகினாள். குப்பைக்கூடையில் கொட்டிய தூசியை அள்ளிவந்து மறுபடி தூவினாள். ஹப்பை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.

மாலையில் அவன் வந்தான். குழந்தையின் பந்தை எடுக்க மேசைக்கடியில் குனிந்தான். நிமிரக் கொஞ்சம் நேரமானது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பந்து உள்ள போயிருச்சு."

5

கணவன் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவனுக்கு முரட்டுக் குரலும் சிவந்த கண்களும் கொடுத்திருந்தேன். "அய்யோ, அவர் அப்படி இல்ல" என்றாள். "ஒரு நாள்கூட அதட்டிப் பேசினது கிடையாது. அதுதானே பயமே."

அக்காவுக்கு அவள் அடிக்கடி நீளமாக மெயில் எழுதுவாள். கழுத்து வலிக்கிறது என்று எழுதினால், சாயங்காலம் அவன் கையில் புதுத் தலையணை. அலுத்துப்போச்சு என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை எங்காவது வெளியே. "சொல்லாமலே புரிஞ்சுக்குவார்" என்று தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறாள். அப்புறம் ஒரு தடவை, மனது கசந்துபோய், "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உன்கிட்டயே வந்துரட்டுமா?" என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் அவன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டுபோய் பேங்க் லாக்கரில் வைத்தான். "வீட்ல எதுக்கும்மா? அங்க பத்திரமா இருக்கும்."

ஆனாலும் அவளுக்கு ஒரு நப்பாசை. கணினியை மாட்டிக்கொடுத்தவன், வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற கொழுந்தன். ஒருவேளை அவனாக இருந்தால்? அவனாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு அக்காவுக்கு எழுதினாள், வாய்விட்டு யாரிடமும் சொல்லாத ஒன்றை: "நீலக் கலர்ல ஒரு குடை வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

(குடை இல்லை. அந்தப் பொருளையும் மாற்றிவிட்டேன்.)

கொழுந்தன் வந்தான். "அண்ணி, காபி இருக்கா?" என்று கேட்டுக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு வந்தவன் வெறுங்கையோடு போனான். அவன் முதுகைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் கணவன் குடையோடு வந்தான். நீலம்.

"கடையில பாத்தேன். உனக்குப் பிடிக்கும்னு தோணுச்சு."

எப்போதும் சொல்வதையே அவள் சொல்ல வேண்டியிருந்தது. வேறு எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வாள். "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ."

அவன் அவள் தலையை வருடினான். "உன்ன எனக்குத் தெரியாதா?"

6

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன.

ஒன்றில், அவள் தினமும் அந்தக் கீபோர்டில் அக்காவுக்கு எழுதுகிறாள், தான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று. அவன் படித்து மகிழ்ந்துபோய், ஒருநாள் தானே லாக்கரைத் திறந்து

இன்னொன்றில், கறுப்புப் பொருளைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். அவன் குரல் உயரவில்லை. "உன்மேல இருக்கற அக்கறைதாம்மா" என்கிறான். அவளுக்குப் பின்னாலிருந்த கதவை மெதுவாகச்

மூன்றாவது எனக்குப் பிடித்தமானது. அதில் ஓர் ஊரின் பெயர் வருகிறது. அதனாலேயே அதன் முதல் வார்த்தையைக்கூட இங்கே வைக்க மாட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். நம்பி ஏமாறாதீர்கள், மேலே உள்ளவற்றில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கணவன் நிறைய வாசிக்கிறவன். கதைகள் என்றால் உயிர். இந்தப் பக்கம் அவன் கைக்குப் போகாது என்று யார் எனக்கு உறுதி தருவார்கள்? இதைப் படிக்கிறவர்களில் ஒருவர், தொழிலையும் குடையையும் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வரியாக நிதானமாகத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு நான் வைத்திருப்பது இவ்வளவுதான்.

மற்றவர்களான உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவளும் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். அதுவே முடிவாக இருக்கட்டும். மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக்கூட எழுதிக் கேட்காதீர்கள். தயவுசெய்து அதை எங்கேயும் தட்டிவிடாதீர்கள்.