புரட்டிய ஷாட்

படம் பார்க்கும்போது கண் தானாகப் போவதாக நினைக்கிறோம். உண்மையில் அதைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இருட்டில் வெளிச்சம் இருந்தால் கண் அங்கே போகும். வெளிச்சத்தில் முகம் இருந்தால் முகத்துக்கு. பிறகு, அந்த முகம் எதைப் பார்க்கிறதோ அதற்கு. ஒளிப்பதிவாளரான என் கணவர் போன வாரம் எடுத்த ஷாட்டில் இந்த மூன்றையும் செய்திருந்தார். திரையின் வலப்பக்கம், சன்னல் வெளிச்சத்தில், மகனைப் பறிகொடுத்த தாய். மடியில் அவன் சட்டை. அதிலிருந்து கண்ணை உயர்த்தி, வலப்பக்கம், திரைக்கு வெளியே இருக்கும் கணவனிடம் பேசுவாள். இடப்பக்கம் திறந்த கதவு, இருட்டு.

எடிட்டிங் அறையில் அதை எத்தனையோ முறை ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கண் தாயை விட்டு நகரவில்லை.

"எப்படி?" என்றார் கணவர், பின்னால் நின்று.

"அழ வைக்குது. ஆனா முந்தின ஷாட்ல அந்தப் பையனோட அப்பாவும் வலப்பக்கந்தான் பாக்குறார். ரெண்டு பேரும் எதிரெதிரா பேசுற மாதிரி இல்ல, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

"கேமராவ எதிர்ப்பக்கம் வெச்சுத் தொலைச்சிட்டேன். புரட்டிப் போடேன், யாருக்குத் தெரியப் போகுது?"

புரட்டுவது என்றால், கண்ணாடியில் தெரிவதுபோல் இடப்பக்கத்தை வலப்பக்கமாக்குவது. செய்து ஓட்டினேன். தாய் இடப்பக்கம் போய்விட்டாள். என் கண் மட்டும் பழக்க தோஷத்தில் வலப்பக்கமே நின்றது. இப்போது அங்கே இருட்டு.

இருட்டில் ஓர் ஆள்.

என் தம்பி. இவரிடம்தான் லைட்மேன். கதவுக்கு அப்பால் விளக்கு ஸ்டாண்டைப் பிடித்து நின்றவன், நெஞ்சில் கை வைத்தான். சுவரோடு சரிந்தான். தலை தொங்கியது. பிறகு ஸ்டாண்டைப் பற்றி எழுந்து, முகம் துடைத்து, பழையபடி நின்றான்.

பின்னுக்கு ஓட்டி மறுபடியும் பார்த்தோம்.

"நாந்தான் அங்க நிக்கச் சொன்னேன்," என்றார் கடைசியில். "அங்க யார் கண்ணும் போகாதுன்னு."

தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"என்னக்கா, மாமா மறுபடியும் லைட்ட மாத்தச் சொல்றாரா? ஏணி மேல நிக்கிறேன், அப்புறம் பேசு."

"எறங்கு."

"எதுக்கு?"

"அந்தம்மா அழுத ஷாட்ல உனக்கு நெஞ்சு வலிச்சுதா?"

"யாருக்கா சொன்னா? யாருமே பாக்கலையே."

"மாப்ள, கையை விடாம மெதுவா எறங்கி உக்காரு, வந்துட்டேன்," என்று போனுக்குள் சொல்லிவிட்டு, வண்டிச் சாவியோடு இவர் ஓடினார்.

போனில், ஒவ்வொரு படியாக, அவன் செருப்புச் சத்தம். திரையில் தாய் அழுதுகொண்டிருந்தாள். நான் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.