சுறாக் காரின் ஸ்டீயரிங்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளே. மின்விசிறிக் காற்று எல்லாருக்கும் படட்டும், நான் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். இன்றைக்கு ஒரு பந்தயக் காரின் கதை சொல்லப்போகிறேன். கார் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். அதைக் கண்கொட்டாமல் காவல் காக்கிற ஒரு பெண்தான் கதை முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள்.

தீவில், டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்திரிகா தேத்தண்ணிக் குவளையோடு கார் நிறுத்தும் போர்ச்சுக்கு வந்தபோது, ஷேக் அலாவுதீன் காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த மூடியை விரலால் நெம்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அந்த வேகம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மரத்துல வார்னிஷ் உரிஞ்சு கெடக்கு. கழட்டிக் கொண்டுபோய்ப் பூசிட்டு வந்துர்றேன்."

"இருக்கட்டும் அண்ணே. அவரு வச்ச மாதிரியே இருக்கட்டும்."

"மழையில மரம் உப்பிடும் லா."

"போர்ச்சுக்குள்ள ஏது மழை?"

அலாவுதீன் தேத்தண்ணியை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். வேறு பேச்சு வரவில்லை. வழக்கமாக அவருக்குப் பேச்சு ஓயாது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்திரிகாவின் கணவர் தங்கராஜு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தவர். ஐம்பதுகளில் ஐரோப்பாவில் பந்தயம் ஓடிய ஜாகுவார் கார் ஒன்றின் படத்தை எப்போதோ ஒரு பத்திரிகையில் பார்த்தவர், அன்றிலிருந்து அதன் நினைப்பாகவே இருந்தார். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீனின் முதுகுத்துடுப்பு மாதிரி ஒரு தகடு நிமிர்ந்து நிற்கும், மூக்கு தரையை மோந்து பார்ப்பதுபோல் தாழ்ந்திருக்கும், கூரை கிடையாது. அசல் காரை வாங்க அரசர்களால்தான் முடியும். ஆகவே தங்கராஜு அதன் நகலைத் தன் வீட்டு முன்னாலேயே கட்டினார். ஃபைபர் உடலைப் படகு செய்கிறவர்களிடம் வார்த்து வாங்கினார். எஞ்சின் ஒரு பழைய ஜப்பான் காருடையது. சாலையில் ஓட்ட அனுமதி வாங்குவதற்கு அவர் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளுக்குக் கணக்கில்லை. கரும்பச்சை நிறம் பூசி முதல்முறை வெளியே எடுத்தபோது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் நின்று கைதட்டினார். தெருப் பிள்ளைகள் அதற்குச் சுறா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தங்கராஜுவுக்கு அந்தப் பெயரில் கொள்ளைச் சந்தோஷம்.

நகல் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. "ஒரிஜினலா அண்ணே?" என்று யாராவது கேட்டால் சிரிப்பார். "எல்லாம் நகல்தான் லா. இந்த ஸ்டீயரிங் மட்டும் அசல். இந்தத் தீவுல ரோட்ட அடச்சுப் பந்தயம் விட்டாங்க பாரு, அதுல ஓடின வண்டியோடது" என்பார். தேய்ந்த மரவளையம், துளையிட்ட மூன்று கம்பிகள், இடது பக்கம் ஒரு தழும்பு. அதைத் தொட்டுக் காட்டும்போது அவர் குரல் தணிந்துவிடும். அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர் அலாவுதீன். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயா பக்கம் பழைய கார் பாகங்கள் விற்கிற கடை அவருடையது. இருவருக்கும் வாலிபத்திலிருந்தே சிநேகம். போன வருடம் தங்கராஜு மாரடைப்பில் போனபோது, பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அலாவுதீனும் ஒருவர். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கடல் பாலத்தைத் தாண்டி வந்து, சாவி வாங்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போவார். ஓட்டாமல் வைத்தால் உள்ளே இறுகிப்போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். சந்திரிகாவும் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டிருந்தாள், இந்த ஞாயிறு வரை.

அவளுடைய தங்கை ரமணிக்கு இது காதில் விழுந்ததும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, உனக்கு வெளங்குதா இல்லையா? கார் ஒவ்வொரு சாமானா நடந்து போகப்போகுது. நீ வாசல்ல நின்னு தேத்தண்ணி கலக்கிக் குடுத்து வழி அனுப்பு."

"அவரு அப்படிப்பட்டவரு இல்லடி."

"எல்லாரும் அப்படிப்பட்டவங்க இல்லதான், மனுசன் உயிரோட இருக்கிற வரைக்கும். அந்த ஸ்டீயரிங் ஒண்ணுதான் அந்தக் கார்ல நெசம்னு மாமாவே சொல்வாரு. இந்த அலாவுதீன் ஏன் சரியா அதுல போய் கை வைக்கிறாரு?"

இந்தக் கேள்வியைச் சந்திரிகா தனக்குள்ளேயே கேட்டு முடித்திருந்தாள். தங்கை வாய்விட்டுக் கேட்டதில்தான் அதற்கு எடை கூடிவிட்டது.

அந்த வாரத்திலேயே பழைய கார் சங்கத்தின் செயலாளர் சுகுமாரன் போன் செய்தார். பல் வைத்தியர், அசலான பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றைப் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருப்பவர். பாடாங் கோத்தா கடலோரத் திடலில் சங்கத்தின் வருடக் கூட்டம், தங்கராஜுவின் நினைவாகச் சுறாவையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றார். "ஸ்டீயரிங் பத்தி சின்னதா ஒரு போர்டு வைக்கிறோம், சந்திரிகா. கோலாலம்பூர்லேர்ந்து ஹைருல்னு ஒருத்தரு வராரு. பழைய ரேஸ் கார்ல அவரு பார்க்காத ஆணி கெடையாது. அவரே பார்த்துச் சொல்லிட்டா தங்கராஜுவுக்குப் பெருமைதானே?"

அடுத்த ஞாயிறு அவள் இதைச் சொன்னபோது அலாவுதீனின் முகம் மாறியது.

"வேணாம் தங்கச்சி. அந்தக் கூட்டத்துக்குப் போகாத."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல."

"போன வாரம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"போன வாரம் நல்லா இருந்துச்சு."

அவர் போனதும் ரமணி தன் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து நீட்டினாள். யோசனை யாருடையது என்று பின்னால் இருவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டார்கள். இரண்டு பெண்களும் பானெட்டைத் திறந்துவைத்து, கழற்றக்கூடியது என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் பாதி திருகாணியிலும் பாதி தகட்டிலுமாகப் படும்படி ஒரு புள்ளி வைத்தார்கள். ஸ்டீயரிங்கின் நடு மூடியைக் கழற்றி உள்ளே இருந்த பெரிய நட்டின்மேலும் ஒன்று. யாராவது திருகினால் புள்ளி இரண்டாகப் பிளந்துவிடும். மாமா இருந்திருந்தால் இந்தப் புத்தியைப் பார்த்து அசந்துபோயிருப்பார் என்றாள் ரமணி. சந்திரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிய மனிதருக்குப் பொறி வைக்கிறோமே என்று ஒரு பக்கம் கூசியது. பொறி வைக்காமல் விட்டால் கணவருடைய ஒரே அசலும் போய்விடுமே என்று மறுபக்கம் பதைத்தது.

அதற்கடுத்த ஞாயிறு அலாவுதீன் வந்தார், போனார். எல்லாப் புள்ளிகளும் முழுசாக இருந்தன, ஸ்டீயரிங் நட்டில் வைத்ததைத் தவிர. அது பிளந்து, பாதி மேலும் பாதி கீழுமாக விலகி நின்றது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தன் சின்ன மைவி காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினாள். அலாவுதீனின் கடைக்குள் நுழைந்தால் எண்ணெய் வாடையும் இரும்புக் குவியலும்தான். கதவுகள் ஒரு பக்கம், எஞ்சின்கள் ஒரு பக்கம், பாதியாய் அறுத்த கார்களின் முகங்கள் சுவரோரம் அடுக்கடுக்காக. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்திலிருந்து ஒரு கம்பிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேய்ந்த மரவளையம், துளையிட்ட மூன்று கம்பிகள், இடது பக்கம் அதே தழும்பு.

"மாத்திட்டீங்களா அண்ணே?"

அலாவுதீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. மாத்தல. கழட்டப் பார்த்தேன், மனசு வரல, திரும்ப முறுக்கிட்டேன். ஒன் புள்ளிய நான் பார்க்கலன்னா நெனச்ச? குட்டெக்ஸ் வாசம் மூக்கத் தொளைக்குது. யாரோ வண்டிக்குச் செய்வினை வச்சுட்டாங்கன்னு மொதல்ல பயந்தே போயிட்டேன்."

அவள் உட்காரவில்லை. "அப்ப இது?"

"இதுவும் நகல். அங்க இருக்கிறதும் நகல். பாலிக் புலாவ்ல படகு செய்யிற ஒரு தச்சர்கிட்ட ரெண்டா செஞ்சு வாங்கினேன். ஒண்ணு வெடிச்சுட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு. தழும்பு நான் போட்டது, உளி வச்சு. தேத்தண்ணியில ஊற வச்சு நெறம் கொண்டுவந்தேன். அவன் பொறந்தநாளுக்கு வெளயாட்டா குடுத்துட்டு, சிரிச்சிட்டு, உண்மையைச் சொல்லலாம்னு இருந்தேன். அவன் அத மடியில வச்சுக்கிட்டு அழுதுட்டான், தங்கச்சி. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அந்தத் தச்சர் எங்க இருக்காரு?"

"மௌத்தாயிட்டாரு."

தேவைப்படுகிற சாட்சிகள் மட்டும் எப்படித்தான் சரியாக இறந்துபோகிறார்களோ என்று சந்திரிகாவின் மனம் சொல்லிக்கொண்டது. அந்த எண்ணம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் போகவில்லை.

"அந்த ஹைருல் தொட்ட ஒடனே கண்டுபிடிச்சுடுவான்" என்றார் அலாவுதீன். "அங்க நிக்கிறவனுங்க, தங்கராஜு ஏமாந்தான்னு சொல்ல மாட்டானுங்க. பொய் சொன்னான்னு சொல்வானுங்க. செத்தவன் வந்து பதில் சொல்லுவானா? அதான் வேற சாதா ஸ்டீயரிங் ஒண்ணு மாட்டிடலாம்னு பார்த்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீயும் அத அசல்னுதானே நெனச்சிட்டிருந்த."

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் போக்குவரத்து ஊர்ந்தது. யோசிக்க நேரம் இருந்தது, அதுதான் வினை. அவர் சொல்வது நிஜமானால், ஹைருல் பார்க்கக்கூடாது. பார்த்தால் கணவர் ஊர் முன்னால் பொய்யர் ஆவார். அவர் சொல்வது பொய்யானால், அசல் இந்நேரம் கொக்கியில் தொங்குகிறது, அல்லது இன்னும் வீட்டிலேயே இருக்கிறது, இவர் அதை நகல் என்று நம்பவைத்துச் சுலபமாக எடுத்துப்போகப் பார்க்கிறார். எது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஹைருல். அவரிடம் தனியாகக் கேட்கலாம் என்றால், அவர் சுகுமாரனின் விருந்தாளி. சுகுமாரனுக்கு ஒன்று தெரிந்தால் சங்கத்து வாட்சாப் குழு முழுக்கத் தெரிந்த மாதிரி. கேட்டால் கணவர் பெயர் போகலாம். கேட்காவிட்டால் சிநேகம் போகும், ஏனென்றால் இனி அந்த மனிதரை எந்தக் கண்ணால் பார்ப்பது?

"போகாம விட்டா ஜெயிச்சது அவருதான்" என்றாள் ரமணி.

சந்திரிகா போனாள். கூட்டத்தன்று காலை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவளே சுறாவை வெளியே எடுத்தாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பர்மா ரோட்டில் எஞ்சின் மூன்றாவது கியரில் தொண்டையைத் திறந்தபோது, இருக்கையின் வழியாக அந்த அதிர்வு முதுகெலும்பில் ஏறியது. காற்று முகத்தில் நேராக அறைந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதற்காக இப்படி அலைந்தார் என்று அவளுக்கு அந்த ஓட்டத்தில் புரிந்தது. புரிந்த கையோடு கண் நிறைந்தது, காற்று அதையும் துடைத்துவிட்டது. கைக்குள் அந்த மரவளையம் வெதுவெதுப்பாக இருந்தது. அசலோ நகலோ, அவர் கை பட்டுத் தேய்ந்த இடம் அதில் இருந்தது.

திடலில் வரிசையாகக் கார்கள். கடல் வெயிலில் பளபளத்தது. மதிலோரம் அலாவுதீன் நிற்பதை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வருவதாக அவர் சொல்லவே இல்லை. சுறாவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் போர்டு தயாராக நின்றது. சுகுமாரன் ஹைருலை அழைத்துக்கொண்டு வந்தார், பின்னால் சங்கத்து ஆட்கள் எல்லாரும்.

"இதோ, நான் சொன்னேனே, இந்த ஸ்டீயரிங்தான்" என்று சுகுமாரன் தொடங்கினார்.

"அதுவும் நகல்தான் சார்" என்றாள் சந்திரிகா.

அவள் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் வளையத்தின் மேலேயே இருந்தன. "அவரு வெளயாட்டுக்குச் சொல்வாரு. நீங்க எல்லாரும் நம்பினதும், நெசத்தச் சொல்ல மனசு வரல. போர்ட எடுத்துருங்க."

சுகுமாரன் போர்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு யாரோ, "அடப்பாவி தங்கராஜு, இவ்வளவு வருசமா நம்மள வச்சு ஓட்டியிருக்கான் லா" என்றார். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். சுகுமாரன் மட்டும் சங்கடத்தோடு போர்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். மதிலோரம் அலாவுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பது தெரிந்தது. முடிந்தது என்று சந்திரிகா மூச்சை விட்டாள்.

கூட்டம் அடுத்த காருக்கு நகர்ந்தது. ஹைருல் நகரவில்லை. மரியாதைக்காகவோ என்னவோ, குனிந்து, "போலே?" என்று அனுமதி கேட்டார். அவள் கையை எடுத்தாள். அவர் கட்டைவிரலை வளையத்தின் அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத பக்கமாக, மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். தழும்பைத் தாண்டினார். கம்பி மரத்தோடு சேருகிற ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் காலி இருக்கைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு டார்ச்சை எடுத்தார். வெள்ளைக் கால்சட்டை அழுக்காவதைப் பாராமல் புல்லில் மண்டியிட்டார். நகலைப் பார்க்க யாரும் இப்படி மண்டியிடுவதில்லை.

சந்திரிகா தலையைத் தூக்கி அலாவுதீனைத் தேடினாள். அவர் அதே இடத்தில்தான் நின்றார், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்க்கரைப் பட்டர்வொர்த் பக்கம் போகிற ஒரு கப்பலைப் பார்த்தபடி. கப்பல் கடந்து போன பிறகும் அவர் திரும்பவில்லை. அவளுடைய முழங்காலுக்கு மேலே, மூன்று கம்பிகளின் துளைகள் வழியாக, அந்தச் சின்ன வெளிச்சம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

இவ்வளவுதான் கண்ணுகளே. உங்கள் வீட்டுக்குள் வருகிற கால்கள் வெள்ளை மனசோடு வரட்டும். நீங்கள் கலக்கிக் கொடுக்கும் தேத்தண்ணி குடித்தவர் வயிற்றில் நல்லதாகவே தங்கட்டும். போனவர்கள் பெயர் உங்கள் வீட்டில் சிரிப்போடு சொல்லப்படட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து இருங்கள்.